‘போல’ இல்லாத இடத்திலும் உவமை உண்டு

“காலையில ஜூரோங் ஈஸ்ட்ல ரயில் ஏறினோம், புளிமூட்டை மாதிரி அடைஞ்சுகிட்டுதான் வந்தோம்” என்று ஒருவர் சொன்னால், ரயிலில் புளி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கார் வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழைப் பற்றி “சிஓஇ விலை எகிறிடுச்சு” என்றால் விலைக்குக் கால் முளைத்ததா என்று கேட்பதில்லை. “அந்தக் கடைக்காரருக்கு வாய்தான் கத்தி, மனசு பஞ்சு” என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. இப்படியெல்லாம் சரளமாகப் பேசுகிற அதே ஆளிடம், தமிழ் இலக்கியம் எடுத்திருக்கும் மகள் ‘இவ்வடிகளில் பயின்று வந்துள்ள அணி யாது?’ என்ற கேள்வியோடு வந்து நின்றால், “உங்க டீச்சர்கிட்டயே கேட்டுக்கம்மா” என்று நழுவிவிடுவார்.

இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். மகளும் எட்டிப் பார்க்கலாம்.

நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் இந்தச் சங்கதியை முதலில் சந்திப்பது பட்டியல் வடிவத்தில். உவமைத்தொடர் ஒரு பட்டியல், மரபுத்தொடர் ஒரு பட்டியல், பக்கத்திலேயே பொருள். ‘பசுமரத்தாணி போல’ என்றால் மனத்தில் நன்றாகப் பதிதல். ‘அனலில் இட்ட மெழுகு போல’ என்றால் மனம் உருகுதல். மனப்பாடம் செய்து கட்டுரையில் எங்காவது சொருகிவிட்டால் மதிப்பெண் வரும் என்று நம்பிப் படிக்கிறார்கள். பச்சை மரத்தில் ஆணி எவ்வளவு சுலபமாக இறங்கும் என்று செய்துகாட்டவும் இங்கே வழியில்லை. சாலையோர மரத்தில் ஆணி அடித்தால் தேசியப் பூங்காக் கழகம் வந்து நிற்கும். பட்டியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு தொடர் எதிரே வந்தால், அதை இனம் காணப் பட்டியல் உதவாது. அவ்வளவுதான்.

அடுத்தபடியாக ஒரு குறுக்குவழியும் சொல்லித் தருவார்கள்: ‘போல’ வந்தால் உவமை. இது சில நேரம் கைகொடுக்கும், சில நேரம் காலை வாரிவிடும். “மழை வரும் போல இருக்கு” என்பதில் ‘போல’ இருக்கிறது, உவமை இல்லை, வெறும் ஊகம்தான். “அப்பா சொன்னது போலவே செஞ்சேன்” என்பதிலும் இல்லை. ஆனால் ‘தேன்மொழி’ என்று ஒரு பெண்ணைக் கூப்பிடும்போது ‘போல’ கண்ணுக்குத் தெரியாது, உவமை உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆகவே அந்தச் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். சொன்னது சொன்னபடியே நடந்திருக்க முடியுமா? முடியாதென்றால், எதைக் கொண்டுபோய் எதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்?

நான்கு உறுப்புகள்

ஒரு முழு உவமைக்கு நான்கு உறுப்புகள். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது பொருள். உவமேயம் என்றும் சொல்வார்கள். அதை விளக்குவதற்காக அழைத்துவரும் இன்னொன்று உவமானம். இரண்டுக்கும் இடையில் ஒத்துப்போகும் குணம் பொதுத்தன்மை. இரண்டையும் சேர்த்துவைக்கும் சொல் உவம உருபு: போல, மாதிரி, அன்ன, ஒப்ப, நிகர்த்த என்று அது ஒரு பெரிய குடும்பம்.

இவற்றில் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் பொதுத்தன்மையில்தான். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

விமான நிலையத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில் வருகிறவர்களை இரண்டு பக்கமும் வரிசைகட்டி நின்று வரவேற்பது மழைமரம். குடை போல விரிந்திருக்கும். அந்தியிலும் மழை மூட்டத்திலும் இலைகளை மடக்கிக்கொண்டுவிடும். அதனாலேயே தமிழில் அதற்குத் தூங்குமூஞ்சி மரம் என்றும் பெயர். இப்போது ஒருவர், “எங்க பெரியப்பா அந்த மழைமரம் மாதிரி” என்கிறார். என்ன சொல்லவருகிறார்? குடும்பத்துக்கே நிழலாக இருப்பவர் என்கிறாரா, பொழுது சாய்ந்தால் நாற்காலியிலேயே குறட்டை விடுபவர் என்கிறாரா? மரம் ஒன்றுதான், பெரியப்பாவும் ஒருவர்தான். பொதுத்தன்மை இடம் மாறியதும் பாராட்டு கிண்டலாகிவிட்டது. ஒரு உவமையைப் புரிந்துகொண்டோம் என்றால், அதில் எந்தக் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம் என்றுதான் பொருள்.

இதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. உவமை தோன்றும் இடங்களை அது நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. ‘புலி போலப் பாய்ந்தான்’ என்பதில் ஒத்துப்போவது செயல், அதாவது வினை. ‘மழை போல வாரி வழங்கினார்’ என்றால் விளையும் பயன். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். மழைமரம் குடை போல விரிந்தது என்றால் மெய். பெரியப்பா மழைமரம் போல நிழல் தந்தார் என்றால் பயன். மழைமரம் போலப் பொழுது சாய்ந்ததும் தூங்கிவிடுகிறார் என்றால் வினை. பவளம் போன்ற உதடு என்றால் உரு. எந்த உவமை கையில் கிடைத்தாலும் ‘இந்த நான்கில் இது எது?’ என்று கேட்டுவிட்டால் பொதுத்தன்மை தானாக வெளியே வந்துவிடும்.

வடிவத்தை வைத்து ஒப்பிடுவதில்கூட ஆளுக்கு ஆள் வேறுபடும். மரினா பேயில் 2011-இல் திறக்கப்பட்ட கலை அறிவியல் அரும்பொருளகத்தைப் பார்த்துத் தாமரை என்பவர்கள் உண்டு. விரித்த உள்ளங்கை என்பவர்களும் உண்டு. இரண்டுமே மெய் உவமைதான். தாமரை என்றவர் அழகைப் பார்த்திருக்கிறார், கை என்றவர் வரவேற்பைப் பார்த்திருக்கிறார்.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால்

அணிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. தொல்காப்பியம் உவமை ஒன்றைத்தான் விரிவாகப் பேசுகிறது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக எண்ணுகிறது. பின்னால் வந்தவர்கள் இன்னும் கூட்டினார்கள். ஆனால் அடிக்கடி கண்ணில் படும் சில அணிகள், மேலே சொன்ன நான்கு உறுப்புகளில் எது வெளியே நிற்கிறது, எது ஒளிந்துகொள்கிறது என்பதை வைத்துப் பிறந்தவைதான். பெரியப்பாவையே வைத்துப் பார்ப்போம்.

‘பெரியப்பா மழைமரம் போல எல்லோருக்கும் நிழல் தந்தார்.’ நான்கு உறுப்பும் வெளிப்படையாக இருக்கின்றன. சந்தேகமே இல்லாத உவமை.

‘பெரியப்பா மழைமரம் போன்றவர்.’ பொதுத்தன்மை மறைந்துவிட்டது. இப்போதும் உவமைதான், ஆனால் நிழலா குறட்டையா என்று கேட்பவர் யோசிக்க வேண்டும்.

‘பெரியப்பாதான் எங்கள் மழைமரம்.’ உருபும் போய்விட்டது. அவர் மரத்தைப் போன்றவர் என்று சொல்லவில்லை, மரமே அவர்தான் என்கிறோம். இது உருவகம். ஒப்பிடுவதோடு நிற்காமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது இதன் வேலை.

கடைசியாக, பெரியப்பா தவறிப்போன வீட்டில் சித்தப்பா ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மரம் சாஞ்ச பிறகுதான்டா இத்தனை நாள் நம்ம மேல வெயிலே படலைன்னு தெரியுது.” பெரியப்பா என்ற சொல்லே இல்லை. உவமானம் மட்டும் தனியாக நின்று பேசுகிறது. கேட்கிற எல்லோருக்கும் யாரைச் சொல்கிறார் என்று தெரியும். இதற்குப் பிறிது மொழிதல் என்று பெயர். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பிறிதொன்றைச் சொல்வது.

உவமைக்கும் உருவகத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குழப்பம் வரும். கயல்விழி, மலர்விழி, தேன்மொழி என்று வகுப்புக்கு வகுப்பு ஒரு பிள்ளையாவது இருக்கும். கயல் போன்ற விழி, தேன் போன்ற மொழி. உருபு மட்டும் மறைந்த உவமைத்தொகை. அதே சொற்களை இடம் மாற்றி ‘விழிக்கயல்’, ‘மொழித்தேன்’ என்றால் விழியே கயல், மொழியே தேன் என்றாகி உருவகமாகிவிடும். உவமானம் முன்னால் வந்தால் உவமைத்தொகை, பின்னால் போனால் உருவகம். இரண்டு சொல் ஒட்டி நிற்கும் இடங்களில் இந்தச் சோதனை போதும். (தேன்மொழி என்று பெயர் வைத்தும் வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இலக்கணம் பொறுப்பாகாது.)

‘போல’ இல்லாமல் வரும் இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். “தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு.” தோண்டத் தோண்ட மணற்கேணியில் நீர் ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வள்ளுவர் ஒதுங்கிக்கொள்கிறார். நடுவில் ‘அதுபோல’ என்ற சொல்லை நாமே போட்டுப் படிக்கிறோம். இது எடுத்துக்காட்டு உவமை.

மயிலிறகு வண்டி

பிறிது மொழிதலை இனம் காண்பதுதான் கடினம். பொருளே வாக்கியத்தில் இல்லாதபோது எதைப் பிடித்துக்கொள்வது? இந்தக் குறளைப் பாருங்கள்:

“பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.”

பீலி என்றால் மயிலிறகு. சாகாடு, வண்டி. மயிலிறகு ஏற்றிய வண்டியாக இருந்தாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். வாக்கியம் இவ்வளவுதான். இதை மட்டும் தனியாகப் படித்தால் வண்டிக்காரர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை போலத்தான் தெரியும். திருக்குறள் எதற்காக வண்டி ஓட்டச் சொல்லித் தர வேண்டும் என்ற கேள்வி எழுகிறது அல்லவா, அதுதான் முதல் தடயம். சொன்ன இடத்துக்கும் சொன்ன செய்திக்கும் ஒட்டவில்லை என்றால் உள்ளே வேறு பொருள் இருக்கிறது.

இரண்டாவது தடயம் அதிகாரத்தின் பெயர்: வலியறிதல். ஒருவன் தன் வலிமையையும் மாற்றானின் வலிமையையும் எடைபோட்டுப் பார்த்துச் செயலில் இறங்குவது பற்றிய பத்துக் குறள்கள். அந்தத் திரியைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்ததும் வெளிச்சமாகிவிடும். எதிரிகள் ஒவ்வொருவரும் மயிலிறகு அளவுக்கு எளியவர்களாக இருக்கலாம். எல்லோரும் சேர்ந்துகொண்டால் வலியவனும் முறிந்துபோவான். வள்ளுவர் ஏன் இரும்பையோ கல்லையோ ஏற்றாமல் மயிலிறகை ஏற்றினார் என்பதும் அப்போதுதான் புரியும். கல்லை ஏற்றினால் அச்சு முறிவதில் வியப்பில்லை.

அந்த வண்டி நம் ஊரிலும் ஓடுகிறது. சனிக்கிழமை காலை கணிதம், மதியம் அறிவியல், மாலையில் நீச்சல், ஞாயிறு பியானோ. “ஒரு மணி நேர வகுப்புதானே” என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். ஒவ்வொன்றும் இறகுதான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் குறளுக்கு உரையே தேவைப்படாது.

கொடிகள் என்ன சொல்லின

ஆங்கில வகுப்பில் பெர்சனிஃபிகேஷன் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் தமிழில் அதற்குச் சமமான ஒரே பெயரைக் கேட்பார்கள். உயிரில்லாத ஒன்றை ஆளாக்கிப் பேசுவது தமிழிலும் தாராளமாக உண்டு: காற்று கதவைத் தட்டியது, அலை கரையைத் தடவியது. ஆனால் தமிழ் அணியிலக்கணம் அதற்குள்ளேயே இன்னொன்றைப் பிரித்தெடுத்துத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. இயல்பாக நடக்கும் ஒரு செயலின்மேல் கவிஞர் தன் கருத்தை, தன் காரணத்தை ஏற்றிச் சொல்வது. தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்ற அணி.

இதற்குத் தமிழாசிரியர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் இடம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. எல்லோரும் காட்டுகிறார்கள் என்பதற்காக அதைத் தவிர்க்க எனக்கு மனமில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. “போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட” என்கிறார் இளங்கோவடிகள். வராதீர்கள், திரும்பிப் போய்விடுங்கள் என்று கொடிகள் கையசைத்துத் தடுப்பது போல இருந்ததாம். உள்ளே போனால் கோவலன் திரும்பி வரமாட்டான் என்று கதை தெரிந்த நமக்குத் தெரியும். கொடிக்குத் தெரியாது, கோவலனுக்கும் தெரியாது. கொடி அசைந்தது காற்றினால். ‘வராதே’ என்றது இளங்கோவின் நெஞ்சு.

கம்பரும் இதே கொடியைத் தொடுகிறார். இராமன் மிதிலைக்குள் நுழையும்போது அந்த நகரம் ‘கொடிகள் என்னும் கைகளை நீட்டி’, சீக்கிரம் வா என்று அவனை அழைப்பது போல இருந்தது என்கிறார். மதுரையில் அசைந்ததும் கொடிதான், மிதிலையில் அசைந்ததும் கொடிதான். ஒன்று போ என்றது, மற்றது வா என்றது. முன்னதில் சாவு காத்திருக்கிறது. பின்னதில் திருமணம் காத்திருக்கிறது.

கவனித்தீர்களா, இரண்டு இடத்திலும் ‘போல’ இருக்கிறது. குறுக்குவழியில் போகும் மாணவர் ‘உவமை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். உவமையில் இரண்டு பொருள்கள் ஒத்துப்போக வேண்டும். இங்கே கொடிக்கு ஒரு நோக்கம் இருப்பதாகக் கவிஞர் கற்பிக்கிறார். ‘ஏன் அசைகிறது?’ என்ற கேள்விக்குக் காற்று என்பது உண்மையான விடை, கவிஞர் சொல்வது கற்பித்த விடை. இந்த இரண்டு விடையும் ஒரே இடத்தில் இருந்தால் அது தற்குறிப்பேற்றம்.

பழகிப் பார்க்க ஆகஸ்ட் மாதம் நல்ல நேரம். தேசிய தினத்தை ஒட்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மாடிக்கு மாடி கொடி தொங்கும். காற்றில் படபடக்கும் அந்தக் கொடிகள் என்ன சொல்கின்றன என்று பிள்ளையிடம் கேளுங்கள். “கை தட்டுது” என்று சொன்னால் நல்லது. “எல்லா வீட்டுக்காரங்களும் ஜன்னல் வழியா ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறாங்க” என்று சொன்னால் இன்னும் நல்லது. இந்தப் பயிற்சியில் தவறான விடை என்று ஒன்று கிடையாது.

டுரியான் பக்கத்தில் நிற்கிறேன்

எஸ்பிளனேட் அரங்கம் 2002-இல் திறக்கப்பட்டது. முள்முள்ளான அதன் கூரையைப் பார்த்தவர்கள் டுரியான் போல இருக்கிறது என்றார்கள். அது உவமை, தொல்காப்பியக் கணக்கில் மெய் உவமை. நாளடைவில் ‘போல’ உதிர்ந்துவிட்டது. இப்போது ஒருவர் கைப்பேசியில், “டுரியான் பக்கத்துல நிக்கிறேன், வந்துடு” என்றால் பழக்கடையைத் தேடி யாரும் போவதில்லை. பழத்தின் பெயர் கட்டடத்துக்கு ஆகிவந்துவிட்டது. இப்படி ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவதை நன்னூல் ஆகுபெயர் என்கிறது. ஒப்புமையால் ஆகிவந்ததால் இது உவமையாகுபெயர்.

ஆகுபெயருக்கு எப்போதும் ஒப்புமை தேவையில்லை. ஏதாவது ஒரு தொடர்பு இருந்தால் போதும். “தேக்காவே திரண்டு வந்துடுச்சு” என்றால் இடத்தின் பெயர் மக்களுக்கு ஆகியிருக்கிறது. நாம் டாலரை வெள்ளி என்று சொல்வதும் இந்த வகைதான். ஒரு காலத்தில் இங்கே டாலர் வெள்ளி நாணயமாகவே புழங்கியது; இப்போது கைப்பேசியில் தட்டிக் கட்டும் பணத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. விருந்துக்கு ஆள் கணக்குப் பார்க்கும்போது ‘தலைக்குப் பத்து வெள்ளி’ என்கிறோம். ஒரு தலை ஒரு முழு ஆளுக்கு நிற்கிறது. மலாய்க்கார நண்பர்கள் இதே வேலைக்குக் காலைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் மொழியில் ‘காக்கி’ என்றால் கால். அதுவே சேர்ந்து கோப்பி குடிக்கும், பந்து விளையாடும் கூட்டாளிக்கும் பெயராகி, இன்று எல்லா இனத்தவர் வாயிலும் புழங்குகிறது.

உருவகமா ஆகுபெயரா என்று குழம்பினால் ஒரு கேள்வி போதும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா, அல்லது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா? பெரியப்பாவுக்கும் மரத்துக்கும் இருப்பது ஒப்புமை. தேக்காவுக்கும் அங்கே இருப்பவர்களுக்கும் இருப்பது இடத்தொடர்பு. ஒப்புமையில் பிறந்தும் ஆகுபெயராக நிற்கும் டுரியான் போன்றவை இரண்டு வீட்டுக்கும் உறவு. அவற்றை எண்ணித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவை, சுருக்கமாக

உயர்வு நவிற்சிக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. தீபாவளிக்கு முந்தின இரவு சிராங்கூன் சாலையில் எள் விழ இடமில்லை என்போம். வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது என்போம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 37 டிகிரிதான், 1983-இலும் 2023-இலும். ஆனாலும் நெருப்பு என்று சொன்னது பொய்யாகாது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அளவு மீறியது தெரிந்திருக்கிறது. கேட்பவருக்கு அது தெரியாதபோதுதான் சிக்கல். சொத்து முகவர் ‘எம்ஆர்டி நிலையம் எட்டிப் பிடிக்கிற தூரம்’ என்று சொல்வதை எந்தக் கணக்கில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மரபுத்தொடரை உவமையிலிருந்து பிரிப்பது எளிது. ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். ‘கம்பி நீட்டினான்’ என்றால் ஓடிப்போனான். ‘இரும்பு நீட்டினான்’ என்றால் ஒன்றுமில்லை. ‘கரைத்துக் குடித்தான்’ என்றால் முழுக்கக் கற்றான். ‘கலக்கிக் குடித்தான்’ என்றால் மைலோ குடித்தான். உவமையில் புலிக்குப் பதில் சிங்கத்தை வைத்தாலும் வண்டி ஓடும். மரபுத்தொடர் சொல்லோடு சொல் பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும். அதனால்தான் இதில் மட்டும் மனப்பாடத்துக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது.

வஞ்சப்புகழ்ச்சியை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. புறநானூற்றில் அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறார்: உன் வேல்கள் மயிலிறகு சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்டால் தொண்டைமானுக்குப் பாராட்டு. யோசித்தால் உன் வேல்கள் போரையே பார்த்ததில்லை என்ற குத்தல். அரசன் எதிரிலேயே நின்று, அவன் கோபப்பட இடம் கொடுக்காமல் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரிடம் “அண்ணன் சீக்கிரமே வந்துட்டீங்களே!” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அது இதன் தூரத்துச் சொந்தம். இந்த வகையைக் கண்டுபிடிக்கச் சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று பார்க்க வேண்டும். பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், எழுத்தில் அந்த வசதி இல்லை. குறுஞ்செய்தியில் கிண்டல் செய்து சண்டையில் முடிந்தவர்களுக்கு இது தெரியும்.

ஒரே அடியில் இரண்டு அணி வந்தால் என்ன எழுதுவது என்பது மாணவர்களின் நியாயமான கவலை. கம்பரின் ‘கொடிகள் என்னும் கைகள்’ தனியே பார்த்தால் உருவகம். பாட்டு முழுவதையும் பார்த்தால் தற்குறிப்பேற்றம். கேள்வி எந்த அடியைச் சுட்டுகிறதோ அதற்குரியதை எழுதலாம். இரண்டையும் காரணத்தோடு காட்டினாலும் தவறில்லை. பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுவதுதான் தவறு. ‘இது தற்குறிப்பேற்ற அணி’ என்பது அரை விடை. ‘கொடி காற்றில் அசைவது இயல்பு. அந்த அசைவை, கோவலனை வராதே என்று தடுக்கும் கையசைவாகக் கவிஞர் கற்பித்துக் கூறுகிறார். பின்னால் நேரப்போகும் துயரத்தை இது முன்கூட்டியே உணர்த்துகிறது’ என்று மூன்று வாக்கியம் எழுதினால் அது முழு விடை. முதல் வாக்கியத்தில் உள்ளது, இரண்டாவதில் ஏற்றியது, மூன்றாவதில் எதற்காக ஏற்றினார் என்பது. உவமைக்கும் உருவகத்துக்கும் எழுதும்போது இரண்டாவது வாக்கியத்தில் பொதுத்தன்மையை வையுங்கள்.